‘தி எக்ஸார்சிஸ்ட்’ படிக்கட்டு, ஜார்ஜ்டவுன், வாஷிங்டன்

வில்லியம் பிரீட்கின் இயக்கிய ‘தி எக்ஸார்சிஸ்ட்’ (1973) படத்தின் முடிவில், சிறுமி ரீகனைப் பிடித்த பேயைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு பாதிரியார் கராஸ் உருண்டு விழுவது இந்த 75 படிகளில்தான். (ரீகனின் வீடாகக் காட்டப்பட்ட வீடு படிகளிலிருந்து சற்றுத் தள்ளியிருந்ததால், அவர் பாயும் ஜன்னலோடு ஒரு பொய்ச் சுவரைக் கட்டி நீட்டினார்கள்.) படம் இன்றும் மிரட்டுவதற்குச் சுழலும் தலையும் பச்சை வாந்தியுமே காரணம் என்பார்கள். பார்த்தவர்கள் முதலில் சொல்வது அவற்றைத்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றை நகலெடுத்த எத்தனையோ படங்கள் மறந்துபோயின. இப்படத்தின் பலம் அதன் சந்தேகத்தில் இருக்கிறது. ரீகனின் தாய் கடவுள் நம்பிக்கையற்றவர். மகளை முதலில் மருத்துவர்களிடமே கொண்டுபோகிறார். கழுத்தில் ஊசி குத்தி ரத்தக்குழாயைப் படமெடுக்கும் காட்சி, பேய்க் காட்சிகளைவிட உடலைக் கூசவைக்கிறது. கராஸும் மனநல மருத்துவர். பேய் என்று ஒப்புக்கொள்ள வெகுவாகத் தயங்குகிறார். மருத்துவம் கைவிரித்த பிறகே சடங்கு தொடங்குகிறது. அதற்குள் நம்பாத பார்வையாளரும் பாதி நம்பிவிடுகிறார். சடங்கு நடக்கும் அறையின் குளிர்கூட நிஜம்: நடிகர்களின் மூச்சு ஆவியாகத் தெரிவதற்காக அரங்கையே உறைநிலைக்குக் கீழே குளிரூட்டினார்கள். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் திகில் படம் இது. வென்ற விருதுகள் இரண்டு, தழுவல் திரைக்கதைக்கும் ஒலிக்கும்.