துருவேறிய புல்லட்டும் தொழிலறிவும்

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் உருவான ராயல் என்ஃபீல்டு புல்லட், 1955 முதல் சென்னையில் ஒருங்கிணைக்கப்பட்டது. பிரிட்டனில் அந்நிறுவனத்தின் உற்பத்தி 1970-இல் நின்ற பிறகும் திருவொற்றியூரில் நிற்கவில்லை. அடிப்படை வடிவமைப்பும் பல ஆண்டுகள் பெரிதாக மாறவில்லை. மாரண்டஹள்ளி போன்ற சிற்றூர்களில் கொட்டகை ஓரம் முடங்கிக் கிடக்கும் 346 சி.சி. வண்டிக்கும் இன்று உதிரிபாகம் கிடைப்பது அதனால்தான்.

அத்தகைய வண்டியைக் கண்டதும் உதைத்துப் பார்ப்பது தவறு. துருவால் சிலிண்டரோடு இறுகியிருக்கும் பிஸ்டன் வளையங்கள் உடையக்கூடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட வேண்டும். பழைய பெட்ரோலை வடித்து, டேங்கையும் கார்புரேட்டரின் நுண்துளைகளையும் தூய்மைப்படுத்த வேண்டும். காண்டாக்ட் பாயின்டைத் தேய்த்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ. வரை வைக்க வேண்டும். என்ஜின் ஆயிலையும் மாற்றிய பின்னரே கிக்கரில் கால் வைக்கலாம். அழுத்தம், எரிபொருள், தீப்பொறி ஆகிய மூன்றும் உரிய நேரத்தில் கூடினால் என்ஜின் இயங்கும்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிகளைத் தொன்மை வாகனங்களாகப் பதிவு செய்யலாம். அன்றாடப் பயணத்துக்குப் பயன்படுத்த இயலாது.

வண்டிக்குச் சட்டம் இடமளித்துவிட்டது. ஒலியைக் கேட்டே கோளாறு சொல்லும் முதிய மெக்கானிக்குகளின் அறிவுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. தொழிற்பயிற்சி நிலையங்கள் அவர்களையும் பயிற்றுநர்களாக அழைக்க வேண்டும். உதிரிபாகத்தை மீண்டும் வார்த்துவிடலாம். கைப்பழக்கத்தை அவ்வாறு வார்க்க முடியாது.