மாம்பூ கருகுவது பனியாலா, பூச்சியாலா?

தை மாதத்தில் மாந்தோப்பு முழுவதும் பூத்து நிற்பதும், மாசி முடிவதற்குள் பூவெல்லாம் கருகி உதிர்ந்து வெறுங் காம்புகள் நிற்பதும் சேலம், கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் குடியானவர்களுக்குப் புதிதன்று. பனி அடித்துவிட்டது, மூட்டம் போட்டுவிட்டது என்று வானத்தின்மீது பழி சுமத்துவதே வழக்கம். பூவை நம்பித் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவனுடைய முதல் அத்துடன் போய்விடுகிறது. மூட்டமான நாட்களில் பூவின்மீது சாம்பல் நோய் பரவுவது மெய்யே. ஆயினும் பல தோப்புகளில் நஷ்டத்துக்குக் காரணம் மரத்திலேயே குடியிருக்கிறது. அதுவே தத்துப்பூச்சி.

இதைக் கண்டறிவது சுலபம். பூத்த கிளையைச் சிறிது அசைத்தால் தூறல் விழுவதுபோல் சடசடவென்று ஓசை கேட்கும். எள்ளைவிடச் சற்றுப் பெரியனவாய், தலைப்புறம் அகன்று வால்புறம் குறுகிய பழுப்புநிறப் பூச்சிகள் நாற்புறமும் தத்தும். தாய்ப்பூச்சி பூங்காம்பினுள்ளும் இளந்தளிரின் நரம்பினுள்ளும் முட்டைகளைச் செருகி வைக்கிறது. குஞ்சுகள் வெளிவந்து காம்பைப் பற்றிக்கொண்டு சாற்றை உறிஞ்சுகின்றன. இரண்டு மூன்று வாரங்களில் முட்டை முழுப்பூச்சியாகிவிடுமாதலால், ஒரே பூக்காலத்தில் அவை பன்மடங்காய்ப் பெருகுகின்றன.

உறிஞ்சியதில் மிகுந்ததைப் பாகுபோல் கழிப்பதால் இலைகள் பளபளக்கும். காலையில் பார்ப்பவர் அதையும் பனியென்றே எண்ணுவர். விரலால் தொட்டுப் பார்த்தால் சந்தேகம் தீரும். பனி நனைக்கும், இது ஒட்டும். பின்னர் அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, இலை புகை படிந்ததுபோல் ஆகிவிடும்.

பூ இல்லாத காலத்தில் இப்பூச்சி பட்டையின் வெடிப்புகளிலும், கிளைகள் நெருங்கிய நிழலிலும் ஒதுங்கியிருக்கும். ஆகையால் அறுவடை முடிந்தவுடன் காய்ந்தனவும் நெருங்கினவுமான கிளைகளைக் கழித்து, மரத்தினுள் வெயில் புகும்படி செய்தல் வேண்டும். இதற்குக் கூலி தவிர வேறு செலவில்லை. எனினும் இதைச் செய்வோர் சிலரே.

பூங்கொத்து தலைகாட்டியதும், பூ விரியுமுன், லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புடன் நன்கு கலக்கித் தெளிக்கலாம். இரண்டு வாரம் கழித்து மறுமுறை பார்க்கவேண்டும். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகத்தூளை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கரைத்துத் தெளிப்பர். கந்தகத்தையும் எண்ணெயையும் சேர்த்தோ, அடுத்தடுத்த நாட்களிலோ தெளித்தால் பூவே கருகிவிடும். பூ முற்றிலும் விரிந்திருக்கும்போது எம்மருந்தும் கூடாது. மகரந்தம் சேர்க்கும் ஈக்களும் தேனீக்களும் மடிந்தால் பிஞ்சு ஏது? பூச்சி மிகுந்துவிட்டால் விவசாய அதிகாரியைக் கேட்டே வேறு மருந்து வாங்கவேண்டும். முன்னாளில் பெரிதும் புகழப்பட்ட டி.டி.டி. 1989 முதல் பயிர்களுக்கு விலக்கப்பட்டுள்ளது.

ஒருவர் மட்டும் தெளித்துப் பயனில்லை. பூச்சிக்கு வேலி தெரியாது. அடுத்த தோப்பிலிருந்து மீண்டும் வந்து சேரும். உயர்ந்த மரத்தின் உச்சிக்கு எட்டும் விசைத்தெளிப்பானை ஒவ்வொருவரும் வாங்குவதும் இயலாது. சங்கம் ஒன்றை வாங்கி, முறைவைத்து, ஒரே வாரத்தில் ஊர்த்தோப்புகள் அனைத்தையும் முடிப்பதே தகும்.

இதில் ஓர் இடையூறு உண்டு. குத்தகைக்காரன் தெளிப்பான் என்று தோப்புக்காரரும், தோப்புக்காரர் தெளித்திருப்பார் என்று குத்தகைக்காரனும் காத்திருக்கையில் பூ விரிந்துவிடுகிறது. குத்தகைச் சீட்டு எழுதும்போதே முதல் தெளிப்பு யாருடைய பொறுப்பு, செலவு யாருடையது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளவேண்டும்.