ஆர்க்கிட் இனத்தை மகரந்தம் காட்டும்

கொல்லிமலையில் சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பியும், அம்மரங்களின் மீது மிளகும் வளர்க்கப்படுகின்றன. நிழலும் ஈரக்காற்றும் உள்ள இத்தகைய இடங்களில் ஆர்க்கிட் மலர்ச் செடிகளையும் வளர்த்துப் பார்க்கலாம். மரக்கிளையில் தொற்றி வளர்வதால் இதைப் புல்லுருவி என்று எண்ணுவோர் உண்டு. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும், ஆர்க்கிட் உறிஞ்சுவதில்லை. கிளை அதற்கு இருப்பிடம் மட்டுமே.

ஆனால் இனம் தெரியாமல் செடி வாங்கினால் நஷ்டம் நேரும். வாண்டாவுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். பெலனாப்சிஸுக்கு அடர்ந்த நிழல் வேண்டும். சிம்பிடியம் கலப்பினங்கள் குளிர்ந்த இரவுகள் இல்லாவிட்டால் பூப்பதில்லை. சந்தைக்கு வரும் டென்ட்ரோபியம் கலப்பினங்கள் பெரும்பாலும் வெப்பத்தை விரும்புபவை. கன்று பூப்பதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். தவறு நேர்ந்திருந்தால் அதன் பிறகே தெரியவரும்.

மகரந்தக் கட்டிகள்

பொதுவாக மற்றப் பூக்களில் மகரந்தம் தூளாக உதிரும். ஆர்க்கிட் பூக்களில் பெரும்பாலானவற்றில் அது திரண்டு, மெழுகு உருண்டை போன்ற கட்டிகளாக இருக்கும். இக்கட்டிகள் எத்தனை, அவற்றுக்குக் காம்பு உண்டா என்பவை பேரினத்துக்குப் பேரினம் மாறும். ஆங்கிலத் தாவரவியல் அறிஞர் ஜான் லிண்ட்லி 1830 முதல் 1840 வரை வெளியிட்ட நூலில், மகரந்தக் கட்டிகளின் தன்மையை முக்கிய அடிப்படையாகக் கொண்டு ஆர்க்கிட்களைப் பிரித்தார்.

டென்ட்ரோபியத்தில் நான்கு கட்டிகள் இரண்டு ஜோடியாக இருக்கும்; காம்பு கிடையாது. வாண்டாவில் கட்டிகள் இரண்டு. அவை ஒரு பட்டையான காம்பின் மேல் அமர்ந்திருக்கும். காம்பின் அடியில் பசைத்தட்டு இருக்கும். சிம்பிடியத்திலும் பெரும்பாலும் இரண்டே, ஆனால் காம்பு மிகக் குட்டை. எரியாவில் எட்டு. வனிலாவும் ஆர்க்கிட் குடும்பமே. அதில் மகரந்தம் கெட்டியான கட்டியாகத் திரளாமல் மாவு போல மென்மையாக இருக்கும்.

பரிசோதிக்கும் முறை

நன்கு விரிந்த பூ ஒன்றை எடுத்துக் கொள்ளவும். பூவின் நடுவில் நீட்டிக் கொண்டிருக்கும் தூணின் நுனியில் சிறு மூடி ஒன்று தெரியும். பல் குத்தும் குச்சியால் அதைக் கீழிருந்து மேலாக மெல்லத் தூக்கினால் மூடி கழன்று, கட்டிகள் குச்சியில் ஒட்டி வரும். கறுப்புக் காகிதத்தின் மேல் வைத்து, பூதக்கண்ணாடியால் எண்ணிப் பார்க்கலாம். மகரந்தம் எடுக்கப்பட்ட பூ விரைவில் வாடிவிடும். ஆகவே செடிக்கு ஒரு பூ போதும். அந்தப் பூவை விற்பனைக்கு அனுப்பக் கூடாது.

எல்லையும் உண்டு

கட்டிகளின் எண்ணிக்கை பேரினத்தைக் காட்டுமே தவிர, ரகத்தைக் காட்டாது. டென்ட்ரோபியம் ரகங்கள் அனைத்திலும் கட்டிகள் நான்கே. ரகத்தை நிறம், இதழின் வடிவம், பூங்கொத்தின் நீளம் ஆகியவற்றைக் கொண்டே அறிய வேண்டும். பெலனாப்சிஸிலும் வாண்டாவைப் போல் காம்புடன் இரண்டு கட்டிகளே இருப்பதால், அங்கே இலையையும் பார்க்க வேண்டும். கட்டிகள் நான்கு என்றால் காட்லேயா, எட்டு என்றால் லேலியா என்று முன்பு பிரித்திருந்தார்கள். மரபணு ஆய்வுகளுக்குப் பின், பிரேசில் நாட்டு லேலியாக்கள் 2008-இல் காட்லேயாவில் சேர்க்கப்பட்டன. எண்ணிக்கையை மட்டும் நம்பலாகாது என்பதற்கு இது சான்று.

வாங்குவோர் கவனத்திற்கு

தாய்ச்செடி பூத்திருக்கும்போது பரிசோதித்து, அதிலிருந்து பிரித்த கன்றுகளையே வாங்குவது நலம். பெயர், வாங்கிய நாள், கட்டிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதித் தொட்டியில் கட்டி வைக்கவும். காப்புக் காடுகளில் அனுமதியின்றிச் செடிகளைப் பெயர்த்தெடுப்பது சட்டப்படி குற்றம். காட்டு ஆர்க்கிட்களைப் பார்த்து அறிய விரும்புவோருக்கு அருகிலுள்ள ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் உள்ளது.