குழாய்க்கும் மாரி, கோடை உண்டு

வீட்டுக் குழாயைப் பராமரிப்பது என்றால், பைப் உடைந்ததும் பிளம்பரைக் கூப்பிடுவது என்றுதான் பலர் நினைக்கிறோம். கொழும்பில் அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவருக்கு அது ஓரளவு போதும். அவருடைய தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது, எங்கோ போகிறது. மட்டக்களப்பு வாவிக்கரையில் நிலைமை வேறு. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவிக்கும் கடலுக்கும் நடுவே, எழுவான்கரை ஒடுங்கிய ஒரு மணல் திடல். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று நெருங்கிக் கிடக்கும் ஊர்களில் ஒரு வளவின் கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே மணலில்தான் இருக்கின்றன. மீற்றரில் தொடங்கிச் சமையலறையில் முடியும் பைப்பை மட்டும் குழாய் என்று எண்ணினால் பாதியைத்தான் பார்க்கிறோம். மீதிப் பாதி கிணற்றடியிலும் குழியடியிலும் இருக்கிறது. அங்கே நீர்மட்டம் மாரியில் ஏறுகிறது, கோடையில் இறங்குகிறது. ஆகவே இங்கு குழாய்ப் பராமரிப்புக்கு நாள் குறிக்க வேண்டியது பருவம்தான். உடைவு வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

மணலுக்குள் நல்ல தண்ணீர் எப்படித் தங்குகிறது என்று பார்த்தால் இது விளங்கும். நன்னீர் உப்புநீரைவிட இலேசானது. மழைநீர் மணலில் ஊறி, அடியில் இருக்கும் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்ற கணக்கை, நெதர்லாந்துக்காரர் பாடோன் கைபன் 1880களின் இறுதியிலும் ஜெர்மானியர் ஹெர்ட்ஸ்பெர்க் 1901இலும் தனித்தனியே எழுதிவைத்தார்கள். கணக்கைத் திருப்பிப் பார்த்தால்தான் அதன் பயங்கரம் தெரியும். இறைத்து இறைத்து மேலே ஓரடி குறைத்தால், உவர் அடியிலிருந்து 40 அடி ஏறப் பார்க்கும். மணற்படை ஆழமில்லாத இடங்களில் இது அச்சொட்டாகப் பொருந்தாது. ஆனால் உவர் ஏறும் திசை எங்கும் ஒன்றுதான். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையின் கிணறுகளில் கடல்நீரை நிரப்பியபோது இதைக் கண்ணால் காண நேர்ந்தது. கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தம் செய்தார்கள். உப்பு எதிர்பார்த்தபடி குறையவில்லை. அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் அடியிலிருந்த உவரும் மேலே இழுபடும் ஆபத்து இருந்தது. கிணறுகளை மெல்ல மெல்ல மீட்டது அடுத்தடுத்த மாரி மழைதான்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் சொட்டும் பைப் வேறு பொருள் கொள்கிறது. வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் பைப் ஒரு நாளைக்கு 20 லீற்றர் அளவில் வீணாக்கும். ஒரு வருடத்தில் அது 7,000 லீற்றரைத் தாண்டும், அதாவது ஏழு யூனிட்டுக்கு மேல். கழிவறைச் சிஸ்டனின் உள்வால்வு தேய்ந்து சத்தமில்லாமல் ஒழுகினால் இழப்பு இதைவிடப் பல மடங்கு. மேல்தாங்கியின் போல் வால்வு பழுதாகி, மோட்டரைப் போட்டவர் மறந்தும் போனால், ஒரு மத்தியானத்திலேயே தாங்கி நிறைந்து வழிந்து கிணறு அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். ஒரே மூச்சில் நெடுநேரம் இறைப்பதுதான் உவரை மேலே இழுக்கும். அதே அளவைக் காலையும் மாலையுமாகப் பிரித்து இறைத்தால் மணலுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

ஒழுகும் தண்ணீர் திரும்பவும் இதே மணலுக்குள்தானே போகிறது, இதில் என்ன நட்டம் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வளவுக்குள் விழும் தண்ணீரில் ஒரு பகுதி உண்மையாகவே திரும்பி ஊறும். ஆனால் கச்சான் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் நிலத்தின் மேல் விழுவதில் பெரும்பங்கு காற்றோடு போய்விடும். கழிவறை வழியாகப் போவது குழிக்குள் போய், அழுக்கோடும் நைத்திரேற்றோடும்தான் மணலுக்குத் திரும்பும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வைத்திருப்பது கைக்குழந்தைகளை மனதில் வைத்துத்தான்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டு, நீர் வழங்கல் சபையின் குழாயில் வீட்டுக்கே வருகிறது. இனிக் கிணற்றைப் பற்றி ஏன் கவலை என்பது. அந்தத் திட்டம் இந்த மாவட்டத்துக்குக் கிடைத்த பெரிய நன்மை, அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஆனால் உன்னிச்சையும் மாரியை நம்பி நிறையும் குளம். அதே நீரை எதிர்பார்த்து வயல்களும் இருக்கின்றன. பல வீடுகளில் குடிக்கவும் சமைக்கவும் சபைத் தண்ணீர், குளிக்கவும் உடுப்புத் துவைக்கவும் மரம் செடிக்கும் கிணற்றுத் தண்ணீர் என்றுதான் பாவனை ஓடுகிறது. உண்மையில் இரண்டும் வந்தபிறகு பராமரிப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. ஒரே மேல்தாங்கிக்குக் கிணற்று மோட்டரையும் சபைக் குழாயையும் ஒரே பைப்பில் இணைத்து, நடுவில் ஒரு வால்வு வைத்துக்கொள்வது செலவு குறைந்த வழி. ஆபத்தும் அங்கேதான். தெருக் குழாயில் அழுத்தம் இறங்கும் நேரத்தில் அந்த வால்வு இறுகப் பூட்டப்படாமல் இருந்தால், கிணற்றுத் தண்ணீர் தெருக் குழாய்க்குள் திரும்பிப் போகும். பக்கத்து வீட்டுக் குழந்தை குடிப்பது அதைத்தான். தெருக் குழாயிலேயே மோட்டரைப் பூட்டி உறிஞ்சும் வீடுகள் இன்னும் மோசமான வேலை செய்கின்றன. உறிஞ்சும்போது குழாயின் வெடிப்புகள் வழியாக வெளியிலுள்ள அழுக்கு நீரும் உள்ளே இழுபடும். மருந்து ஒன்றுதான்: இரண்டு தண்ணீருக்கும் இரண்டு தாங்கி, அல்லது சபைக் குழாயின் வாய் தாங்கியின் நீர்மட்டத்துக்கு மேலே எட்டாமல் நிற்கும்படி ஓர் இடைவெளி. இரும்புக் கறை உள்ள கிணற்று நீரோடு கலந்தால் சபை நீரிலுள்ள குளோரினும் அந்த இரும்போடேயே செலவழிந்து போகும்.

பொருட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உப்புக்காற்றும் உவர்நீரும் நாகம் பூசிய இரும்புக் குழாயை உள்ளும் புறமும் அரிக்கும். மலிவான பித்தளைப் பைப்புகளும் நாளடைவில் பொரிந்துபோகும். பி.வி.சி. துருப்பிடிக்காது, ஆனால் வெயிலில் கிடந்தால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். கூரைமேல் ஓடும் பைப்புக்கு ஒரு பூச்சுப் பெயின்ற் போதும். கச்சான் தொடங்குவதற்கு முன்பே அடித்துவிட வேண்டும்.

மாரி வரும்போது கவலை கிணற்றிலிருந்து குழிக்கு மாறுகிறது. வருட மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையிலேயே கொட்டித் தீர்க்கும் மாவட்டம் இது. முகத்துவாரத்தில் மணல் மூடியிருந்தால், அதை வெட்டிவிடும்வரை வாவி ஏறிக்கொண்டே இருக்கும். வளவுகளின் நிலத்தடி நீரும் கூடவே ஏறும். கோடையில் கிணற்றுக்கு எட்டாமல் மணலில் வடிகட்டப்பட்ட குழிநீர் அப்போது கிணற்று நீரோடு ஒரே மட்டத்தில் சேரும். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி தூரம் வேண்டும் என்ற விதி நல்ல விதிதான். காத்தான்குடி போன்ற நெருக்கமான ஊரில் பல வளவுகளின் அகலமே அவ்வளவு இல்லை. அதற்காகக் கையை விரித்துவிடத் தேவையில்லை. அடைபட்ட குழியைப் பவுசர் கொண்டு புரட்டாதியிலேயே இறைத்துவிடலாம். வெள்ளம் நிற்கும்போது இறைத்தால், வெறுமையான மலக்குழித் தாங்கியை நிலத்தடி நீர் மேலே தூக்கி வெடிக்கவைக்கக்கூடும். கிணற்றுக் கட்டைச் சுற்றிய சீமெந்துத் தரையின் வெடிப்பை அடைப்பது, கட்டைச் சற்று உயர்த்துவது, கூரைநீரைக் குழிப் பக்கம் விடாமல் திருப்பிவிடுவது எல்லாமே மழைக்கு முந்திய வேலைகள். 2011 ஜனவரி வெள்ளத்தில் கிணறுகள் மூழ்கியபின் செய்யக் கூடியதாக மிஞ்சியது இறைப்பும் குளோரினும் மட்டும்தான்.

மேல்தாங்கி மூடிக்கும் இதே புரட்டாதி மாதம் பொருந்தும். டெங்கு நுளம் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தாங்கிச் சுவரில் முட்டையிடும். அந்த முட்டை காய்ந்து மாதக்கணக்கில் கிடந்து, தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். ஆகவே தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். 2017இல் இலங்கையில் 1,86,101 டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். வெடித்த ஒரு தாங்கி மூடியின் விலையை அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இதற்கெல்லாம் காசுக்கு எங்கே போவது என்பது கடைசிக் கேள்வி. வாடகை வீட்டில் இருப்பவருக்கும் நாட்கூலிக் குடும்பத்துக்கும் அது வெறும் சாட்டு அல்ல. ஆனால் இவற்றில் பாதிக்குக் காசைவிட நேரம்தான் தேவை. இரவு படுக்கும்முன் எல்லாப் பைப்பையும் பூட்டி மீற்றர் எண்ணைக் குறித்துவைத்து விடியலில் ஒப்பிட்டால் ஒளிந்த ஒழுக்கு தெரிந்துவிடும். சிஸ்டனில் ஒரு சொட்டு நிறச்சாயம் விட்டு, தண்ணீர் திறக்காமலே கொமெட்டில் நிறம் வருகிறதா என்று பார்க்கலாம். வோசர் மாற்ற ஒரு சாவி போதும். குழி இறைப்பு மட்டும் தனி வீட்டால் தாங்க முடியாத செலவு. ஒரு ஒழுங்கை வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் பவுசரைக் கூப்பிட்டால் அதுவும் குறையும். மாநகர சபையும் பிரதேச சபைகளும் வீதி வீதியாகப் புரட்டாதிக்கு முந்திய நாட்களைக் குறித்துக் கொடுத்தால், கார்த்திகையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குளோரினோடு வீடு வீடாக ஏறி இறங்கும் வேலையில் ஒரு பங்கு குறையும்.