வெள்ளைப் பாவாடையும் வெறும் மேடையும்

கவிஞன் மறைந்தால் கவிதை ஏட்டில் நிற்கும். சிற்பி மறைந்தால் சிலை கோயிலில் நிற்கும். ஆடுபவர் மறைந்தால் எஞ்சுவது யாது? ஆடலைக் கண்டவர் உள்ளத்திலே அது சில காலம் நிழலாடும். கண்டவரும் மறைந்தபின் அந்த நிழலும் இல்லை. மேனாட்டாரின் பாலே நடனத்தில் ஊறிய முதிய இரசிகர்கள் ஒரு பாவாடையை நினைந்து ஏன் இவ்வளவு உருகுகிறார்கள் என்பது, இதனை மனத்திற் கொண்டு நோக்கினாற்றான் விளங்கும்.

அப்பாவாடைக்கு டூட்டூ என்று பெயர். இடுப்பிலிருந்து தாமரையிலைபோல வட்டமாக விரிந்து நிற்கும் வெள்ளை வலைத்துணியை வாசகர்கள் படங்களிலே கண்டிருப்பார்கள். முதன்முறை காண்போருக்குச் சிரிப்பு வருதலுங் கூடும். அதன் கதையை அறிந்தபின் அந்தச் சிரிப்பு நிலைப்பதில்லை.

1832 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே பாரிஸ் நகர் ஒப்பெரா அரங்கில் 'லா சில்பீட்' என்னும் நாட்டிய நாடகம் அரங்கேறியது. காற்றிலே வாழும் ஓர் அணங்கின் மீது மானிட இளைஞன் ஒருவன் காதல் கொண்டு அவளையும் இழந்து தன் வாழ்வையும் இழக்கும் கதை அது. அணங்காக ஆடியவர் மரீ தாலியோனி. அவரை ஆட்டுவித்தவர் தந்தையாரே. மகளை நாள்தோறும் பல மணி நேரம் இரக்கமின்றிப் பயிற்றிய கண்டிப்பான ஆசான். தாலியோனி கால்விரல் நுனியில் நின்று ஆடினார். முழங்காலுக்குக் கீழே இறங்கிய மெல்லிய வெண்துகில் அடுக்கடுக்காய் மணிபோல விரிந்திருந்தது. அரங்கிலே வாயு விளக்கின் மங்கிய ஒளி. தரையில் கால் படுகிறதா என்று ஐயுறும்படி அவர் அசைந்தபோது பாரிஸ் மாநகர் மயங்கியது. பின்னர் உருசிய நாட்டிலே அவருடைய காலணிகளை இரசிகர்கள் விலைக்கு வாங்கிச் சமைத்து உண்டார்கள் என்றொரு கதையும் உண்டு. உண்மையோ பொய்யோ, பைத்தியம் எவ்வளவு முற்றியிருந்தது என்பதற்கு அக்கதையே போதும்.

அந்த மெல்லிய துணிக்கு ஒரு விலையும் இருந்தது. எம்மா லிவ்ரி என்ற பெண் தமது 16 ஆம் வயதிலே அதே அணங்கின் வேடத்தில் மேடையேறினார். அவரைக் காணவென்றே பாரிஸ் திரும்பிய தாலியோனி, தாமே ஆசிரியையாகி, 1860 இல் அவருக்காக 'வண்ணத்துப்பூச்சி' என்னும் நாட்டியத்தை அமைத்தார். தீவட்டியின் ஒளியால் இழுக்கப்பட்டு இறகு கருகும் பூச்சி அதன் நாயகி. அக்காலத்தில் மேடையோரத்து வாயு விளக்குகளினால் நடன மாதர் பலர் தீக்கிரையாகினர். ஆதலால் துணிகளைத் தீப்பிடிக்காத மருந்துநீரில் தோய்த்தெடுக்க வேண்டும் என்று பிரான்சு அரசாங்கம் கட்டளையிட்டது. தோய்த்த துணி விறைத்தது, வெண்மை மங்கியது. எம்மா அதை உடுக்க மறுத்து, வருவதைத் தாமே ஏற்பதாக எழுதியுங் கொடுத்தார். 1862 நவம்பர் 15 ஆம் நாள் ஒத்திகையின்போது பாவாடை விளக்கிற் பட்டது. எரியும் உடையோடு அவர் மேடையின் குறுக்கே ஓடினார். எட்டு மாதம் வேதனையில் துடித்து 1863 யூலையில் உயிர் நீத்தபோது அவருக்கு வயது 20. அந்த உடையிற் கருகாது எஞ்சிய துண்டுகளைப் பாரிஸ் ஒப்பெரா நூதனசாலையில் பேணி வைத்திருக்கிறார்கள். வீண் பிடிவாதம் என்று இதனைத் தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை. விறைத்த துணியிலே அணங்கு ஆடமாட்டாள் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது.

பின்னர் பாவாடை மேலேறியது. 1885 இல் உருசியாவுக்கு வந்த இத்தாலிய ஆடல்மகள் வெர்ஜீனியா சூக்கி குட்டைப் பாவாடைதான் வேண்டும் என்று நின்றார். மற்றோர் இத்தாலியரான பியரினா லெஞானி 1895 இல் பீற்றர்ஸ்பேர்க் நகரில் 'அன்னத் தடாகம்' ஆடியபோது ஒற்றைக் காலில் 32 முறை சுழன்றார். இத்தகைய வித்தையை நீண்ட பாவாடைக்குள் மறைத்து வைத்தல் எங்ஙனம்? கால் முழுவதுந் தெரிய வேண்டியதாயிற்று. பத்துக்கு மேற்பட்ட வலைத்துணி அடுக்குகளை ஒன்றினும் ஒன்று சிறிதாக வெட்டி, சுருக்கி, கையாலே தைத்து நிறுத்தினார்கள். மேலடுக்கு தாழாதிருக்க உள்ளே ஒரு கம்பி வளையமும் வைப்பதுண்டு. ஆட்டம் முடிந்ததும் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். வளையம் வைத்த பாவாடைகள் நெருங்கி ஆடும்போது ஒன்றையொன்று இடித்துச் சாய்ந்தன. கார்க்கிவ் நகரிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய பார்பரா கரின்ஸ்கா என்ற தையற்கலைஞர் 1950 இல் வளையத்தை நீக்கி, மாவொற்றும் பஞ்சுபோலத் தாழ்ந்து ததும்பும் புதுவகைப் பாவாடையைத் தைத்தார்.

அதை உடுத்தவர்கள் ஜோர்ஜ் பலன்சீனின் நடனக் குழுவினர். அதே பலன்சீன்தான் 1951 முதல் தம் 'நான்கு குணங்கள்' நாட்டியத்தை, பயிற்சிக் கூடத்தில் அணியும் உடலோடொட்டிய எளிய உடையிலேயே ஆடச் செய்தவர். அதன்பின் எத்தனையோ புதிய நாட்டியங்களில் பாவாடை இல்லை. உடலின் கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன என்பது புதியவர் வாதம். அதிலே நியாயம் உண்டு. ஆயினும், உடலைத்தான் காண்கிறோம், அணங்கைக் காணவில்லை என்று பழைய இரசிகர் பெருமூச்செறியும்போது நாம் அவர் பக்கமே சாய்கிறோம்.

அவர்களுடைய நினைவுகளுக்கெல்லாம் நடுநாயகமாக விளங்குபவர் அன்னா பவ்லோவா. 1881 இல் பீற்றர்ஸ்பேர்க்கில் ஒரு சலவைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர். மிக்கேல் ஃபோகின் அமைத்துக் கொடுத்த 'இறக்கும் அன்னம்' நாலு நிமிடங் கொள்ளாத சிறு ஆடல். இறகு தைத்த வெள்ளை டூட்டூ அணிந்து, உயிர் பிரியும் பறவையாய் அவர் ஊர் ஊராக அதை ஆடினார். பாலே என்ற சொல்லையே கேட்டிராத தேசங்களிலும் ஆடினார். 1931 சனவரி 23 ஆம் நாள் ஒல்லாந்தின் ஹேக் நகரிலே, ஐம்பது வயது நிறையச் சில நாட்களே இருக்கையில், நோயால் இறந்தார். இறுதியில் அன்னத்தின் உடையை ஆயத்தஞ் செய்யும்படி கேட்டார் என்பது வழிவழி வருஞ் செய்தி. சில நாட்களுள் இலண்டனிலே கமார்கோ சங்கத்தார் நடத்திய நிகழ்ச்சியில், அவர் நினைவாக அன்னத்தின் இசையை வாசித்தார்கள். திரை விலகியது. மேடையில் எவருமில்லை. ஒளிவட்டம் மட்டும் விழுந்தது. சபையோர் எழுந்து நின்றார்கள்.

அவருடைய ஆடலைக் காட்டும் பேசாப்படத் துண்டுகள் சில இருக்கின்றன. அவற்றைப் பார்த்து ஏமாறாதவர் குறைவு. அசைவு தெரிகிறது, உலகம் ஏன் அழுதது என்பது தெரியவில்லை. அன்னத்தின் உடையும் இலண்டன் நூதனசாலையின் சேமிப்பில் இருக்கிறது.

ஆனால் பவ்லோவாவின் ஆடல் வேறு வழிகளிலும் எஞ்சியது. அவற்றுள் ஒன்று நமக்கு மிக அண்மையானது. 1928 இல் பம்பாயிலே அவருடைய ஆட்டத்தைக் கண்டவர் உருக்மிணிதேவி அருண்டேல். பின்பு இருவரும் ஒரே கப்பலில் அவுஸ்திரேலியாவுக்குச் செல்ல நேர்ந்தது. உருக்மிணிதேவி பவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். உன் நாட்டுக் கலையைத் தேடு என்று பவ்லோவா அவருக்குச் சொன்னதாக அறிகிறோம். 1935 இல் அடையாற்றிலே பரதநாட்டியம் ஆடி, உடையையும் ஒளியமைப்பையும் திருத்தி, மறு ஆண்டில் அவர் தோற்றுவித்த நிறுவனமே கலாக்ஷேத்திரம். ஈழத்திலிருந்து அங்கு சென்று கற்றுவந்து, ஊரிலே சிறுமியருக்குச் சலங்கை கட்டிவிட்டவர் பலர். அச்சிறுமியருள் எத்தனை பேர் பவ்லோவாவின் பெயரை அறிவர்!

மற்றவர் ஓர் ஆங்கிலச் சிறுவன். பெற்றோருடன் பெரு நாட்டில் வசித்த பிரடெரிக் அஷ்டன் 1917 இல், பதின்மூன்றாம் வயதில், லீமா நகரிலே பவ்லோவாவைக் கண்டான். ஆடலே தன் வாழ்வென்று அன்றே துணிந்தான். பின்னாளில் ஆங்கில பாலேயின் தலையாய நாட்டிய அமைப்பாளரானார் அவர். பவ்லோவா ஆடிய 'கவோத்' என்னும் சிறு நடனத்திலிருந்து ஓர் அடிக்கோவையை எடுத்து, 1988 இல் இறக்கும்வரை, தாம் அமைத்த நாட்டியங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் எங்கோ ஓரிடத்தில் ஒளித்து வைத்தார். சில நொடிகளில் முடிந்துவிடும் அதனைப் 'பிரெட் அடி' என்று நடனக்காரர் அழைப்பர். சிலவேளை நாயகி ஆடுவாள்; சிலவேளை பின்வரிசையில் நிற்கும் ஒருத்தி ஆடிவிட்டு நகர்ந்துவிடுவாள். அஷ்டனின் நாட்டியம் நடக்கும் இரவுகளில், அது வரும் இடத்தைத் தவறவிடாதிருக்கப் பழைய இரசிகர்கள் கண்ணிமையாது காத்திருப்பார்கள்.