கண் பெற்ற கம்ப்யூட்டர் விளையாட்டு!

சிறுவன் ஒருவன் சிவப்புப் பந்தைக் கையில் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டுகிறான். எதிரே, கம்ப்யூட்டர் திரையில் ஒரு மட்டை அசைகிறது. பந்து வலப்பக்கம் போனால் மட்டையும் வலப்பக்கம் போகிறது. அவன் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. அவன் கையில் இருப்பது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிந்தது?

யாரும் எடுக்கலாம்

வீடு கட்டுகிறவர் செங்கல் சூளையும் போட்டுக் கொண்டிருப்பதில்லை. செங்கலை வாங்கி அடுக்குகிறார். அதுபோல, விளையாட்டு எழுதுகிறவர்களுக்குப் படம் வரையவும் ஒலி எழுப்பவும் ஆயத்த உதவிப் புரோகிராம்கள் உண்டு. 'பைகேம்' அத்தகைய ஒரு தொகுப்பு. 'பைதான்' என்ற எளிய கம்ப்யூட்டர் மொழிக்காக 2000-ம் ஆண்டில் பீட் ஷின்னர்ஸ் என்பவர் இதைத் தொடங்கினார். இதற்கு விலை கிடையாது. யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம்.

காமிரா இருந்தும்...

2003-ல் சோனி நிறுவனம் 'ஐடாய்' என்ற காமிராவை விற்பனைக்குக் கொண்டு வந்தது. கையை வீசி ஆடும் ஆட்டங்கள் வீட்டுக்குள் வந்தன. ஆனால், அவை நிறுவனம் தயாரித்த ஆட்டங்கள். குழந்தை ஆடலாம்; தானே ஒன்றை எழுத வழி இல்லை.

2007 நவம்பரில் 'எக்ஸ்.ஓ.' என்ற மலிவு லேப்டாப் உற்பத்தி தொடங்கியது. ஏழைக் குழந்தைகளுக்கென்றே உருவானது அது. உருகுவே, பெரு முதலிய நாடுகளில் பல லட்சம் குழந்தைகள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் பைதான் இருந்தது, பைகேம் இருந்தது, காமிராவும் இருந்தது. ஆனால், பைகேமுக்குக் காமிராவோடு பேசத் தெரியாது!

ஒரு கோடையில்

மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துப் பொது மென்பொருள் எழுதச் சொல்லும் திட்டம் ஒன்றை கூகிள் நிறுவனம் அப்போது நடத்தி வந்தது. அதன் கீழ், 2008 கோடையில், மாணவர் ஒருவர் இந்தக் குறையைத் தீர்க்க முனைந்தார்.

வேலை எளிதல்ல. 640க்கு 480 அளவுள்ள ஒரு படத்தில் 3,07,200 புள்ளிகள். வினாடிக்குப் பத்துப் படம் என்றால் முப்பது லட்சம் புள்ளிகள்! எக்ஸ்.ஓ.வின் வேகமோ 433 மெகாஹெர்ட்ஸ்தான். ஒவ்வொரு புள்ளியையும் பைதானில் சோதித்தால் ஆட்டம் ஆமையாகி விடும். ஆகவே, கனமான கணக்கை வேகமான 'சி' மொழியில் எழுதி உள்ளே வைத்தார்கள். குழந்தை எழுத வேண்டியது சில வரிகளே.

எப்படிப் பார்க்கிறது?

முதலில், திரையில் தெரியும் கட்டத்துக்குள் பந்தைக் காட்ட வேண்டும். கட்டத்தின் சராசரி நிறத்தைக் கம்ப்யூட்டர் குறித்துக் கொள்கிறது. பிறகு வரும் ஒவ்வொரு படத்திலும் அந்த நிறத்துக்கு நெருங்கிய புள்ளிகளை மட்டும் பொறுக்குகிறது. ஒட்டிக் கிடக்கும் புள்ளிகளில் மிகப் பெரிய கூட்டம் எது? அதுவே பந்து. அதன் நடுப்புள்ளி எங்கே? அங்கே மட்டை!

ஏமாறும் கண்

இந்தக் கண்ணுக்கு நிறம் தெரியும், பந்து தெரியாது. சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் குறுக்கே வந்தால் ஏமாந்து போகும். விளக்கொளி மாறினாலும் தடுமாறும். இந்தத் தவறும் ஒரு பாடமே. இயந்திரம் "பார்க்கிறது" என்பதன் பொருள் என்ன என்று குழந்தை அங்கேதான் கற்கிறது.

குழந்தையை யாரோ மறைந்திருந்து பார்த்தால்? அதற்கும் எக்ஸ்.ஓ.வில் ஏற்பாடு இருந்தது. காமிரா வேலை செய்யும்போது பக்கத்தில் ஒரு சிறு விளக்கு எரியும்.

எல்லோருக்கும்

2009 ஆகஸ்டில் வெளியான பைகேம் 1.9-ல் காமிரா வசதி இடம் பெற்றது. முதலில் லினக்ஸ் கம்ப்யூட்டர்களுக்கு, பின்னாளில் விண்டோசுக்கும். மலிவு லேப்டாப்புக்காகச் செய்த வேலை, இன்று பைகேம் வைத்திருக்கும் எவருக்கும் பயன்படுகிறது. பொதுச் சொத்தில் ஒருவர் சேர்த்தால், எல்லோருக்கும் சேர்ந்தது போலத்தானே!