வழுக்கவும் கூடாது, அமுங்கவும் கூடாது! - யோகா விரிப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

(இரண்டாமாண்டு, இயந்திரவியல்)



ஐக்கிய நாடுகள் சபை 2014 டிசம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21 சர்வதேச யோகா தினமாகக் கொண்டாடப்படுகிறது. அன்றைக்குக் கூட்டத்தோடு கூட்டமாகச் செய்துவிட்டு, மறுநாள் முதல் நாமே தொடரலாம் என்று ஆசைப்பட்டால் முதலில் வரும் கேள்வி இதுதான்: "மேட் வாங்கணுமே, எது வாங்குறது?" கடையில் சில நூறு ரூபாயில் தொடங்கி சில ஆயிரம் வரை விலை சொல்கிறார்கள். "படுக்கிற பாயை விட இதுக்கு என்ன அவ்வளவு விலை?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதானே! அதற்குப் பதில் தெரிந்துகொண்டு கடைக்குப் போவோம்.

விரிப்பு எதற்கு?

பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் தியானம் செய்பவனுடைய ஆசனம் சொல்லப்படுகிறது. தர்ப்பை, மான்தோல், துணி இவைதான் அது. அசையாமல் உட்கார அது போதும். ஆனால் இன்று நாம் செய்யும் யோகாவில் காலை அகட்டி நிற்கிறோம், கையை ஊன்றி உடம்பைத் தூக்குகிறோம். 1966இல் வெளிவந்த 'லைட் ஆன் யோகா' நூலில் பி.கே.எஸ். ஐயங்கார், வெறுந்தரையில் செய்ய வேண்டாம், சமதரையில் மடித்த கம்பளியை விரித்துச் செய்யுங்கள் என்கிறார். வழுக்காத மேட் அதற்குப் பிறகு பரவியது. ஏஞ்சலா ஃபார்மர் என்ற யோகா ஆசிரியைக்கு ஓர் அறுவை சிகிச்சைக்குப் பின் உள்ளங்கையும் பாதமும் வியர்ப்பதில்லை. காய்ந்த கைகால் தரையில் பிடிக்காமல் வழுக்கியது. ஜெர்மனியில் தரைக்கம்பளத்துக்கு அடியில் போடும் ரப்பர் போன்ற நுரை விரிப்பைக் கண்டார். அதை வெட்டிப் போட்டு நின்றார், கால் நின்றது! இன்றைய மேட்டுக்கு அதுவே முன்னோடி.

ஆக, விரிப்பின் வேலை இரண்டு. ஒன்று, வழுக்கவிடாமல் பிடிப்பது. இரண்டு, முட்டியும் முதுகெலும்பும் தரையில் உறுத்தாமல் காப்பது.

வழுக்கலின் கணக்கு

அப்ளைடு மெக்கானிக்ஸில் ஏணிக் கணக்கு போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? திரிகோணாசனத்தில் நம் கால்கள் அந்த ஏணிதான். கால் நீளம் 3 அடி, இரு பாதங்களுக்கும் நடுவே 3 அடி என்று வையுங்கள். சமபக்க முக்கோணம். ஒவ்வொரு காலும் செங்குத்துக்கோட்டிலிருந்து 30 டிகிரி சாய்ந்திருக்கும். டேன் 30 என்பது 0.577. தொடைத் தசைகள் உள்நோக்கி இழுக்காவிட்டால், உராய்வுக் கெழு குறைந்தது இந்த அளவாவது வேண்டும். இல்லையென்றால் கால் தானாக அகலும். இதில் உடல் எடை கணக்கிலேயே வராது, இருபுறமும் வெட்டுப்பட்டுப் போகும். அதனால், "நான் ஒல்லி, எனக்கு வழுக்காது" என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்று, உராய்வு இரண்டு இடத்தில் வேண்டும். பாதத்துக்கும் விரிப்புக்கும் நடுவே ஒன்று, விரிப்புக்கும் தரைக்கும் நடுவே ஒன்று. இதில் எது குறைவோ அங்கேதான் வழுக்கும். டைல்ஸ் தரையில் கோரைப்பாயைப் போட்டு காலை அகட்டினால் பாயோடு சேர்ந்து நாமும் போவது இதனால்தான்.

தடிமன் கூடினால் நல்லதா?

"எட்டு எம்.எம். இருக்கு சார், பஞ்சு மாதிரி இருக்கும்" என்று கடைக்காரர் சொன்னால் மயங்கிவிடாதீர்கள். படுத்துச் செய்யும் பயிற்சிக்கு மெத்தென்று இருப்பது சுகம்தான். ஆனால் ஒற்றைக் காலில் விருட்சாசனம் நின்று பாருங்கள், பாதம் புதைந்து கணுக்கால் தள்ளாடும். கையை ஊன்றும்போது உள்ளங்கையின் அடிப்பகுதி அமுங்கி, மணிக்கட்டு அளவுக்கு மேல் பின்னால் வளையும். தினமும் அப்படி வளைந்தால் வலி வரும். டிராயிங் போர்டிலும் லேத்திலும் நிற்கிற நமக்கு மணிக்கட்டு எவ்வளவு முக்கியம் என்று சொல்லவா வேண்டும்!

பொதுவாக 4 முதல் 6 மி.மீ. வரை பெரும்பாலோருக்குச் சரி. நின்று செய்வது அதிகமென்றால் 4 பக்கம் போகலாம், முட்டி வலி உள்ளவர்கள் 6 பக்கம் போகலாம். தேவைப்படும் ஆசனத்தில் மட்டும் முட்டிக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தால், தடித்த மேட்டின் பலன் கிடைக்கும், தள்ளாட்டம் இருக்காது.

எந்தப் பொருள்?

ஈ.வி.ஏ. நுரை: விலை குறைவு, எடையும் குறைவு. ஆனால் செருப்பில் குதிகால் பட்ட இடம் பள்ளமாகிறதே, அதுபோல நாளடைவில் அமுங்கிப் போகும்.

பி.வி.சி.: வெகுநாள் உழைக்கும். நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயும் இதுதான். இளக்கும் ரசாயனம் சேர்த்தால் அதுவே மெத்தென்று மேட் ஆகிறது. அந்த இளக்கிகளில் தாலேட் வகையைச் சேர்ந்த நான்குக்கு, ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜூலை முதல் 0.1 சதவீத வரம்பு வைத்திருக்கிறது. ஆகவே 'தாலேட் இல்லை' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பழசானால் போகியில் போட்டுக் கொளுத்தவே கூடாது, ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயு வரும்.

இயற்கை ரப்பர்: கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் வடிக்கிறார்களே, அதே ரப்பர் பால்தான் மூலப்பொருள். பிடிப்பு அருமை. ஆனால் கனம் அதிகம், வெயிலில் காயப்போட்டால் வெடிக்கும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் தொடக்கூடாது.

டி.பி.இ.: பிளாஸ்டிக்கும் ரப்பரும் கலந்த குணம். எடை குறைவு, பிடிப்பு நடுத்தரம், கடும் வெயில் ஆகாது.

ஜமுக்காளம்: பவானியில் நெய்கிறார்களே, அதுதான். வியர்வையை உறிஞ்சும், துவைக்கலாம். வழவழப்பான தரையில் தனியாகப் போட்டால் நகரும், அடியில் ரப்பர் வலை விரித்தால் நிற்கும்.

கோரைப்பாய்: உட்கார்ந்து செய்யும் பிராணாயாமத்துக்கும் சவாசனத்துக்கும் பத்தமடைப் பாய்க்கு ஈடில்லை. நின்று செய்ய மட்டும் வேண்டாம்.

கடையில் ஐந்து சோதனை

1. உள்ளங்கையை ஊன்றி முன்னோக்கித் தள்ளுங்கள். கை நழுவக்கூடாது.
2. செருப்பைக் கழற்றிவிட்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணும் வரை நில்லுங்கள். யார் சிரித்தாலும் கவலை வேண்டாம், காசு நம்முடையது!
3. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். விரலோடு விரல் இடிப்பதுபோல் இருந்தால் அது முட்டியைக் காக்காது.
4. நீளத்தைப் பாருங்கள். சாதாரண அளவு 68 அங்குலம், அகலம் 24 அங்குலம். ஆறடி என்றால் 72 அங்குலம், தலையோ குதிகாலோ வெளியே போய்விடும். உயரமானவர்கள் நீள மேட் கேட்டு வாங்குங்கள்.
5. முகர்ந்து பாருங்கள். மூக்கைத் துளைக்கும் நெடி என்றால் மூடிய அறையில் அதன்மேல் முகம் வைத்துப் படுக்க முடியுமா, யோசியுங்கள்.

வாங்கியதும் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்து நிழலில் உலர்த்துங்கள். காலில் எண்ணெயோ பவுடரோ வேண்டாம். மடிக்காமல் சுருட்டி வையுங்கள்.

காசு இல்லையென்றால்?

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். மேட் இல்லையே என்று யோகாவைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. சொரசொரப்பான சிமெண்ட் தரை சுத்தமாக, ஈரமில்லாமல் இருந்தால், நின்று செய்யும் ஆசனங்களுக்கு வெறுங்காலே போதும், நல்ல பிடிப்பு கிடைக்கும். உட்காரவும் படுக்கவும் போர்வையை நாலாக மடித்துப் போடலாம். மொசைக், டைல்ஸ் தரையில் மட்டும் கவனம். அங்கே போர்வையின் மேல் நின்று காலை அகட்டுவது ஆபத்து.

நமக்கு ஊக்கம் தரும் ஒரு செய்தியும் உண்டு. அசாமில் குவாஹாட்டி அருகே தீபோர் பீல் ஏரியில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. அங்கே மீனவக் குடும்பங்களைச் சேர்ந்த ஆறு இளம்பெண்கள் அதைப் பிடுங்கி, உலர்த்தி, தறியில் நெய்து, மண்ணில் மக்கிப்போகும் யோகா விரிப்பு செய்தார்கள். 2021இல் அது நாடறியப் பேசப்பட்டது. நம் ஊர்க் குளங்களிலும் ஆகாயத்தாமரைக்குப் பஞ்சமா என்ன? தறியும் உண்டு, ரப்பரும் உண்டு, டிப்ளமோ படிக்கிற நாமும் இருக்கிறோம். இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் யோசிக்கலாமே!

விலைச்சீட்டைப் பார்க்குமுன் உங்கள் தரையைப் பாருங்கள், முட்டியைப் பாருங்கள், நீங்கள் செய்யும் ஆசனத்தைப் பாருங்கள். அந்த மூன்றுக்கும் பொருந்துவதே உங்களுக்கான விரிப்பு, அது போர்வையாக இருந்தாலும் சரியே!